கலக்காத பெட்ரோல்

"கத்தாதீங்க. அவன் காதுல விழும்."

"நானா கத்துறேன்? நீ முதல்ல மிஷினை விடாம ஓட்டு."

"ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஊத்துனது நீங்க."

"ஊத்துனேன், இல்லங்கல. கலந்து வச்சது யாரு? இந்த வீட்டுல பெட்ரோலுக்கு எண்ணெய் கலக்குறது யாரு வேலை? நீ மறந்திருப்ப—"

"நான் மறந்தேனா? சோத்துக்கு உப்புப் போட மறந்திருக்கேன், உங்க—"

"மனுஷிக்கு மறதி வராதா? வேலை மும்முரத்துல—"

"—உங்க வண்டிக்கு எண்ணெய் கலக்க ஒரு நாளும் மறந்ததில்ல."

தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்கு அடியில் துணி இல்லை, ரெக்சின் இல்லை. வெறும் ஊசி வெறும் காற்றைத் தைத்துக்கொண்டிருந்தது. கொட்டகைக்கும் வீட்டின் முன்னறைக்கும் நடுவே ஒரே ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் கட்டிலில் அவளுடைய தம்பி மாவுக்கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தான். அதனால்தான் இந்த ஏற்பாடு. ஏற்பாடு புதிதும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுச் சண்டை இப்படித்தான். அவள் பேச வேண்டுமென்றால் மிஷினை மிதிப்பாள், அவர் பேச வேண்டுமென்றால் கடைசல் இயந்திரத்தை ஓட விடுவார். கொட்டகையில் இரண்டும் சேர்ந்து ஓடுகிற நாளில், பாவம் எவ்வளவு வேலை என்று தெரு நினைத்துக்கொள்ளும்.

பாதிக் கொட்டகை அவருடையது. இரும்புச் சுருளும் கிரீஸுமாகக் கிடக்கும். கடைசல்காரர் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். மறுபாதி அவளுடையது. பைக், ஆட்டோ, லாரி எதுவானாலும் கிழிந்த இருக்கையைக் கொண்டுவந்து போட்டால் புதிதாகத் தைத்துக் கொடுப்பாள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'சீட் அக்கா'தான். கடைசல்காரரே கோபம் இல்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். சண்டையும் நின்றது. எழுந்து போய் வேலை மேசைக்கு அடியில் குனிந்து ஒரு கேனை இழுத்தாள். பச்சைக் கேன். கைப்பிடியில் நீல ரெக்சின் பட்டை ஒன்றை இறுக்கித் தைத்திருந்தாள். கனத்தது. இரண்டு கையாலும் தூக்கி அவர் காலடியில் வைத்து மூடியைத் திருகினாள்.

கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிலில் கேனின் கழுத்து வரைக்கும் பெட்ரோல் நீலமாக நின்றது.

"பாருங்க," என்றாள், உதட்டை மட்டும் அசைத்து. "எண்ணெயில சாயம் போட்டுத்தான் விக்கிறான். கலந்தா நீலம், கலக்காட்டி தண்ணி. இது ரேஸ் அன்னைக்கு வண்டியோட போச்சு, வண்டியோட வந்துச்சு. ஒரு சொட்டு குறையல."

கடைசல்காரர் கேனைப் பார்த்தார்.

"இப்ப இங்க வாங்க."

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய வண்டியிடம் போனாள். முன் சக்கரம் முட்டை மாதிரி கோணியிருந்தது. கைப்பிடி ஒரு பக்கமாகத் திரும்பி, யாரையோ பார்க்க மறுக்கிற முகம்போல் இருந்தது. விழுந்த நாளில் கொண்டுவந்து நிறுத்தியதோடு சரி, யாரும் தொடவில்லை. இன்று காலையில் கிழிந்த சீட்டைக் கழற்றலாம் என்று அவள்தான் கை வைத்தாள். டேங்க் மூடி தளர்ந்திருந்தது. இறுக்குவதற்கு முன்னால் ஏனோ உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"குனிஞ்சு பாருங்க. நீலமா இருக்கா?"

அவர் குனியவில்லை.

பழைய வண்டி டூ ஸ்ட்ரோக், நூற்றிருபத்தைந்து. அந்த இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்கிக்கொண்டு ஓட வைக்கிறது. வெறும் பெட்ரோலை ஊற்றினால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் ஓடும். பிறகு சூடேறி, பிஸ்டன் உள்ளேயே கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுபோகும். மெல்லப் போகிற வண்டியென்றால் சறுக்கி நிற்கும். ரேஸ் தடத்தில் தம்பி போன வேகத்தில், தாவ வேண்டிய பெரிய மேட்டுக்கு முன்னால் நின்றது. அவன் மட்டும் மேட்டைத் தாண்டிப் போனான்.

போன மாதம் வந்த புதிய வண்டி ஃபோர் ஸ்ட்ரோக், இருநூற்றைம்பது. அதன் வயிற்றிலேயே அதற்கான எண்ணெய் இருக்கிறது. வெறும் பெட்ரோல் போதும். அது வந்த அன்று கடைசல்காரர், "இனிமே உனக்கு விடுதலை, சீட் அக்கா," என்று சிரித்தார். "எண்ணெய்க் குப்பியைத் தூக்கிப் போடு. விரல்ல நீலம் ஒட்டுற வேலை முடிஞ்சுது." ஆனால் பழையது தம்பிக்குப் போனதால் வேலை முடியவில்லை. அதனால்தான் கேன் இரண்டானது. அதனால்தான் கலந்த கேனுக்கு அடையாளமாகப் பட்டை தைத்தாள்.

"எப்படி மாத்துனீங்க? கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

அவர் கடைசல் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். அது இரைந்தது. அதற்குள் குரலை வைத்துச் சொன்னார்.

"சுத்தி ஆளுங்க நின்னாங்க. புது வண்டியப் பாக்க வந்த கூட்டம். இது எப்படி, பழசு எப்படின்னு ஆளாளுக்குக் கேள்வி. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். 'இதுக்குக் கலவை இல்ல, கச்சடா இல்ல, கேனை எடுத்தியா ஊத்துனியா போனியா'ன்னு சொல்லிக்கிட்டே..."

"சொல்லிக்கிட்டே?"

"கையில இருந்த கேனைப் பழசுல ஊத்திருக்கேன்."

அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தது சிரிப்பு இல்லை.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இப்பத்தான். நீ காட்டுன பிறகுதான்."

"அப்ப போய்ச் சொல்லுங்க அவன்கிட்ட."

"சொல்லி? சொன்னா கால் சேந்துருமா?" சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். "இன்னொண்ணு கேட்டுக்க. டூ ஸ்ட்ரோக் ஓட்டுறவனுக்கு நான் முதல்ல சொல்லிக் குடுக்குறதே, கிளட்ச்ல எப்பவும் ரெண்டு விரல் இருக்கணும்னுதான். இன்ஜின் கவ்வுனா கிளட்ச்சைப் பிடிச்சிரு, சக்கரம் விட்டுரும், தப்பிச்சிருவ. அவன் விரல் அங்க இல்ல. அது என் தப்பா?"

"ரேஸுக்கு முந்தின வாரம் முழுக்க அவன் எதை ஓட்டுனான்?"

அவர் கடைசல் இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க புது வண்டியைத்தானே காட்டுல ஓட்டிட்டு வந்தான்? 'நீயும் பழகிக்க மாப்ள'ன்னு குடுத்தது யாரு? 'இது சாது, கிளட்ச்சை மறந்துரு, பிடியை முழுக் கையால பிடி'ன்னு இதே கொட்டகையில நின்னு சொன்னது யாரு? நான் மிஷின்ல உக்காந்து கேட்டேனே."

"ஏய், மெல்ல..."

"மறக்கச் சொன்னீங்க. மறந்தான்."

கடைசல் இயந்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அடுப்படிக்குப் போனாள்.

மத்தியான வெயில் கூரையை உரித்துக்கொண்டிருந்தது. குவாரிப் பக்கமிருந்து காற்று வரும்போதெல்லாம் ஜன்னல் விளிம்பில் வெள்ளைத் தூசி படியும். துடைத்த இடத்தில் திரும்பியும் படியும். மழை வரப்போவதுபோல் ஒரு வாரமாக மேகம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவள் கஞ்சியை ஆற்றினாள். முட்டையை உரித்தாள். உரிக்கும்போது வெள்ளைக்கரு தோலோடு பிய்ந்து வந்தது. நல்ல மனதோடு இருந்தால் முட்டை இப்படிப் பிய்யாது என்று எண்ணிக்கொண்டாள்.

முன்னறையில் தம்பி மல்லாந்து கிடந்தான். ஊருக்குள் அவனுக்குத் தவளை என்று பேர். முதல் ரேஸிலேயே வண்டி ஒரு பக்கம் அவன் ஒரு பக்கமாகத் தாவி, இரண்டு காலில் வந்து நின்றதால் வந்த பேர். அந்தத் தவளை இப்போது காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்து, காற்றாடியின் மூன்று இறக்கையையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் இடது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் முன்னால் நீண்டு, இல்லாத ஒன்றைப் பற்றி இழுத்தன. விட்டன. இழுத்தன. விட்டன. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியாமல் கிடந்தபோதே அந்த விரல்கள் அப்படிச் செய்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது நரம்பு இழுக்கிறது என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டாள்.

"என்னடா பண்ற?"

விரல்கள் நின்றன. "ஒண்ணுமில்ல. என்ன இன்னைக்கும் கஞ்சியா? குடிச்சுக் குடிச்சு உள்ள பசை மாதிரி ஆயிருச்சுக்கா. எலும்பு ஒட்டுதோ இல்லையோ, குடல் ஒட்டிரும்."

"வாயைத் திற."

"கையிலதான் அடியில்லையே, குடு. காலையிலேர்ந்து மிஷின் ஓடுது, ஊருக்கே சீட் தைக்கிறியா?"

"அவசர வேலை."

"அவசர வேலைன்னா கத்தரி சத்தம் வரும். நூல் அறுக்கிற சத்தம் வரும். ஒண்ணுமே வரல." முட்டையை வாயில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான். "மாமாகூடச் சண்டையா? என்னாலயா?"

"உன்னால எதுக்குடா?"

"படுத்துக்கிட்டுச் சாப்பிடுறேனே, அதான்."

"இன்னொரு தடவை அப்படிப் பேசுன, அந்தக் காலையும் நான் உடைச்சிருவேன்."

சிரித்தான். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வேலை முடிந்தது போல் இறங்கிப் போனது.

"சாயங்காலம் குவாரி சூப்பர்வைசர் வர்றார்ல. அவர்கிட்ட சொல்லிரப் போறேன்க்கா. லோடருக்கு வேற ஆளப் போட்டுக்கச் சொல்லி."

"கால் சரியாகுற வரைக்கும்தானே?"

"இல்ல. மொத்தமாவே."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குவாரியில் லோடர் ஓட்டுகிற வேலை அவன் கேட்டு வாங்கிய வேலை. கல் சுமந்து, ஜல்லி வாரி, பெரிய வண்டிகளைக் கழுவிக் கழுவிக் கடைசியில் ஏறி உட்கார்ந்த இருக்கை. அந்த இருக்கைக்கு ரெக்சின் தைத்துக் கொடுத்தது அவள்தான்.

"கால் சேந்துரும்னு டாக்டர் சொல்றாரேடா."

"காலுக்காக இல்லக்கா. கை." இடது கையைத் தூக்கிக் காட்டினான், அடுத்தவன் கையைக் காட்டுகிறவன்போல. "மாமா எத்தனை தடவை சொல்லியிருக்கார், விரல் கிளட்ச்லயே இருக்கணும்னு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்வேன். ஆனா வேணுங்கிற நொடியில போகல. பாத்துக்கிட்டே இருந்தேன், போகல. அன்னைக்கு நான் மட்டும்தான் விழுந்தேன், போகட்டும். லோடர் வாளிக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்க. என்னை நம்பித்தான் முதுகைக் காட்டிட்டு நிப்பாங்க. அங்க ஒரு நொடி என் கை இப்படி நின்னுச்சுன்னா?"

"அன்னைக்கு நடந்ததே வேறடா."

"என்ன வேற?"

அவள் தகரத் தடுப்பைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"டேங்க்ல எண்ணெய் கலக்காத பெட்ரோல் இருந்திருக்கு. அதான் கவ்விருச்சு. எந்தக் கை இருந்தாலும் வண்டி நின்னுதான் இருக்கும்."

 அவன் கையை நீட்டி அவள் தலையைத் தட்டினான், அவள்தான் சின்னவள் என்பதுபோல்.

"எனக்காகப் பொய் சொல்லாதக்கா. உனக்குப் பொய் வராது, காது செவந்துரும். அன்னைக்கு மாமா தன் கையாலதான் ஊத்துனார், நான் பக்கத்துலதான் பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தேன். மாமா தப்பா ஊத்துவாரா? கண்ணைக் கட்டிவிட்டா வாசனையிலயே எது எந்த வண்டிக்குன்னு சொல்ற மனுஷன்."

"டேய், நான் கண்ணால பாத்தேன்..."

"உன் தம்பி நல்லவன்னு காட்ட அவர் மேல பழி போடாத. அவர் காதுல விழுந்தா என்ன நினைப்பார்?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது அவளுக்கு முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. கட்டில் சட்டம் மெல்ல முனகியது. விரல்கள் திரும்பத் தொடங்கிவிட்டன.

கொட்டகையில் கடைசல்காரர் புதிய வண்டியின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். சீட் இல்லாத வெறும் சட்டத்தில் சாக்கு மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலின் நுனிவிரல் மட்டும்தான் தரையை எட்டியது. இந்த வண்டி உயரம். அவர் உயரமில்லை. சீட்டின் பஞ்சைச் சீவிக் குறைத்துத் தருகிறேன் என்று வண்டி வந்த அன்றே அவள் சொல்லியிருந்தாள். கழற்றிய சீட் அவள் மேசைமேல் தோலுரித்துக் கிடந்தது. அடுத்த வாரம் மலைப்பாதையில் இவர் போகவேண்டிய ஓட்டம் ஒன்று இருந்தது.

"என்ன சொல்றான்?" என்றார்.

"லோடர் வேலையை விடப்போறானாம். சூப்பர்வைசர் வந்ததும் சொல்லிருவானாம்."

"விளையாட்டுக்குச் சொல்லுவான்."

"அவன் விளையாட்டுக்குச் சொல்றது எது, நிஜமாச் சொல்றது எதுன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னேன், பெட்ரோல்தான்டா காரணம்னு. நம்பல."

கடைசல்காரர் கைப்பிடியைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். "சொல்லிட்டியா?"

"நம்பலன்னு சொல்றேனே! மாமா தப்பா ஊத்துவாரான்னு என்னையே கேக்குறான். அக்கா பொய் சொல்றா, மாமா மேல பழி போடுறான்னு என்னைத் திட்டுறான். போதுமா உங்களுக்கு?"

பெரிய மூச்சு ஒன்று வந்தது அவரிடமிருந்து. வண்டியின் தோளைத் தடவிக்கொண்டே பேசினார். மனிதரிடம் பேச முடியாததையெல்லாம் அவர் வண்டியைத் தடவிக்கொண்டுதான் பேசுவார்.

"உனக்குத் தெரியாது. பழசு கோவக்கார வண்டி. கேட்டா வாயே திறக்காது, திடீர்னு ஒரே கத்தா கத்தி இழுத்துக்கிட்டுப் போகும். அதை அடக்க மணிக்கட்டு வேணும். எனக்கு மணிக்கட்டு போச்சு. சாவி திருகினாக்கூட வலிக்குது. இந்த வண்டி அப்படி இல்ல. அடியிலேர்ந்தே பேசிக்கிட்டே வரும். கையைத் தளர்த்துனா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். மேட்டுலயும் போகலாம், காட்டுலயும் போகலாம். இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாமேன்னுதான் மாறுனேன். பழசை அவனுக்குக் குடுத்தப்ப எப்படிப் பாத்தான் என்னை, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்தப் பார்வைக்கு நான் தகுதியில்லன்னு இன்னைக்கு அவன்கிட்ட போய் நானே சொல்லணும். அதானே நீ சொல்ற?"

அவள் மேசைக்குப் போனாள். பஞ்சறுக்கிற நீளக் கத்தியை எடுத்தாள். சீட்டின் பஞ்சில் நேற்றே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தாள். இவ்வளவு சீவினால் இவர் பாதம் முழுசாகத் தரையில் படும் என்று அளந்து போட்ட கோடு. கத்தியைக் கோட்டின்மேல் வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் வெண்ணெய்போல் வரும். இழுக்கவில்லை. கத்தியைத் திரும்ப மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"என்ன?"

"நான் இதைத் தொடல."

"ஓட்டம் அடுத்த வாரம்டி."

"இருக்கட்டும். எட்டாத காலோட போங்க. இல்ல போகாதீங்க. ஒருத்தன் தன் கையையே வெட்டிப் போடப் பாக்குறான் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் உக்காந்து உங்களுக்கு மெத்தை சீவுறதா?"

"உன் தம்பிக்கு ஒண்ணுன்னா உனக்கு நான் யாரோ ஆயிடுறேன்."

"யாரோவா இருந்தா இவ்வளவு நேரம் மிஷினை மிதிச்சிருப்பேனா? கதவைத் திறந்து தெருவுக்கே சொல்லியிருப்பேன்." அவள் தகரத் தடுப்பைக் கையால் காட்டினாள்.  "அவன் உங்களைத் தவிர வேற யார் சொன்னாலும் நம்பமாட்டான். அதுவும் நீங்க பண்ணி வச்சதுதான். போங்க."

வெளியே மேகம் வந்து வெயிலை மூடியது. கொட்டகை கொஞ்சம் இருண்டு, கூரைத் தகரம் சடசடவென்று சுருங்கியது. கடைசல்காரர் வண்டியிலிருந்து இறங்கினார். இறங்கும்போது கால் எட்டாமல் தடுமாறி, வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் ஓடிப்போய்த் தாங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். நல்ல கனம். பழையதை அவர் ஒருவரே தூக்கித் திருப்பி வைப்பார்.

அவர் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்து, திரும்பவும் கழுவினார். கிரீஸ் கையோடு சோறே சாப்பிட்டுவிடுகிற மனிதர். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார். அவள் டீ போட வைத்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க மாமா, என்ன, சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு? சூப்பர்வைசர் வந்துட்டாரா?"

"இல்ல மாப்ள. இனிமேதான்."

அவர் கட்டிலோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். அதன்மேல் யாரோ நண்பர்கள் பேனாவில் தவளை ஒன்று வரைந்திருந்தார்கள். தவளைக்குத் தலைக்கவசம் இருந்தது.

"உங்க அக்கா சொன்னது நிஜம்," என்றார்.

"எது மாமா?"

"பெட்ரோல். நான்தான் மாத்தி ஊத்திட்டேன். புது வண்டிக்குன்னு கொண்டுபோன வெறும் பெட்ரோலைப் பழசுல ஊத்திட்டேன். பெருமை பேசிக்கிட்டே ஊத்துனேன். கலந்த கேன் அப்படியே நிறைஞ்சு கிடக்கு கொட்டகையில. வேணும்னா கொண்டாந்து காட்டச் சொல்றேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"உன் கையில ஒரு குத்தமும் இல்ல. விரல் இருந்திருந்தாலும்..." அவர் நிறுத்தினார். கலப்படம் இல்லாமல் சொல்லவேண்டும் என்று நினைத்தார் போலும். "விரல் இருந்திருந்தா ஒருவேளை தப்பிச்சிருப்ப. ஆனா விரலை எடுக்கச் சொன்னதும் நான்தான். புது வண்டியைக் குடுத்து, உன் கைப்பழக்கத்தை மாத்தி, அப்புறம் பழசுல ஏத்தி விட்டேன். ரெண்டும் என் தப்பு. உங்க அக்கா இன்னைக்குக் கேனைத் திறந்து காட்டுற வரைக்கும் எனக்கே தெரியாது மாப்ள."

 அவளுக்கு நிலையைப் பிடித்திருந்த கை வலித்தது. தம்பி கத்துவான் என்று நினைத்தாள். கத்தினால் நல்லது என்றும் நினைத்தாள்.

அவன் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான், விரித்தான். அவன் கண் நிறைந்து காதோரம் வழிந்தது. அதைத் துடைக்காமலே சிரிக்கத் தொடங்கினான்.

"மாமா! வெறும் பெட்ரோலா! நீங்களா!"

"ஆமாடா."

"வேற யாராவது பண்ணியிருந்தா அவனை நீங்க கடைசல்ல மாட்டிச் சுத்த விட்டிருப்பீங்களே!"

"விட்டிருப்பேன்."

"அப்ப பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டியே போயிருக்கும்! அக்கா, கேட்டியா? என் கை இல்ல. கை நல்லாத்தான் இருக்கு." கையை அவள் பக்கம் நீட்டி ஆட்டினான். "அக்கா, இந்தக் கை நல்லாத்தான் இருந்திருக்கு."

"நான்தான் சொன்னேனே, கேட்டியா நீ?" என்றாள் அவள். 

"சூப்பர்வைசருக்கு டீ போடு. கொஞ்ச நாள்ல வர்றேன், சீட்டை யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லிரலாம். மாமா, நீங்க ஏன் இப்படி இருக்கீங்க? விடுங்க. தெரிஞ்சா பண்ணீங்க? நான்கூட ஒரு தடவை ரேடியேட்டர்ல..." அவன் எழுந்து சாய்ந்து உட்கார முயன்றான். கடைசல்காரர் அவன் முதுகுக்குக் கை கொடுத்தார். தலையணையை நிமிர்த்தி வைத்தார். தம்பியின் முகம் இத்தனை நாளில் முதல் தடவையாக ரேஸ் முடிந்து வந்தவனின் முகமாக இருந்தது. விழுந்த நாளிலிருந்து அந்த ஓட்டத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை. இப்போது பேச ஆசைப்பட்டான்.

"கிளம்பும்போதே சத்தம் கொஞ்சம் வறட்டுன்னு இருந்துச்சு மாமா. நான் புது வண்டி ஓட்டி ஓட்டிக் காது மாறிப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா என்னமா போச்சு தெரியுமா? மூணாவதா இருந்தவன் ரெண்டாவதுக்கு வந்துட்டேன். நீங்க வளைவுல வேலியோரம் நின்னீங்கள்ல, ஒவ்வொரு சுத்தும் உங்களைப் பாத்துக்கிட்டேதான் போனேன். 'விடாத, போ, போ'ன்னு கையை ஆட்டுனீங்க. இன்னும் கண்ணுலயே நிக்குது."

"ம்," என்றார் கடைசல்காரர்.

"எண்ணெய் கலந்திருந்தா டூ ஸ்ட்ரோக் பின்னால பொகை விட்டுக்கிட்டே போகும், இல்ல? நான் மேல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாது. பொகை வராதது பின்னால வந்தவனுக்கும் நல்லதுதான், தூசி மட்டும் தின்னுருப்பான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பின் நடுவே புருவம் மெல்லக் கூடியது. கணக்குப் போடுகிற பையனின் முகம்போல் அவன் முகம் ஒரு நிமிஷம் வெறுமையாக நின்றது.

அடுப்படியில் தண்ணீர் கொதித்துப் பாத்திர மூடியைத் தட்டத் தொடங்கியது. அவள் போகவில்லை. கணவரின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலையணையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

"மாமா," என்றான் தம்பி. "அத்தனை சுத்து உங்க முன்னாலதானே போனேன்... பின்னால பொகையே வரலியேன்னு நீங்க பாக்கலியா?"